ஆற்றைத் தாண்டாத கோடு

சாத்குலைக் கொல்ல எங்கள் மலைப்பக்கத்தில் யாருக்கும் உரிமை கிடையாது. பிரியத்தால் வந்த சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். அவன் நாவிதன். எங்கள் வழக்கப்படி நாவிதனுக்கு நிலத்தில் பங்கில்லை, காட்டில் பங்கில்லை, ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் ஜிர்காவில் உட்கார இடமில்லை. இவ்வளவும் இல்லாதவனுக்குப் பகையில் மட்டும் எப்படிப் பங்கு கொடுப்பது? அவனைச் சுட்டால் எந்தப் பழியும் தீராது. சுட்டவனுக்குக் கேலிதான் மிஞ்சும். "என்னப்பா, எதிரி யாரும் கிடைக்கலையா, நாவிதனைப் போய்ச் சுட்டிருக்கே?" என்று அவன் பேரன் காலம் வரைக்கும் ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் ரஷ்யர்கள் வந்தபோதும் போனபோதும், தாடியை வளர்க்கச் சொன்னவர்கள் வந்தபோதும், அதை மழிக்கலாம் என்றவர்கள் வந்தபோதும், கோஸ்த் மாகாணத்தில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஆள் சாத்குலாகத்தான் இருக்க வேண்டும்.

முடி வெட்டுவான், தாடி திருத்துவான், பையன்களுக்குச் சுன்னத்து செய்வான். கல்யாணத்துக்குச் சமைப்பான், மேளம் அடிப்பான், வீடு வீடாகப் போய் அழைப்பான். சாவு விழுந்தாலும் வீடு வீடாகப் போகிறவன் அவன்தான், மேளம் மட்டும் இருக்காது. ஜிர்கா கூடினால் முசுக்கட்டை மரத்தடியில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், அவன் கெட்டிலோடு வட்டத்துக்கு வெளியே சுற்றி வருவான். எங்கள் ஊர் ஆண்களில் அவனுடைய கத்திக்கு அழாதவர் கிடையாது. இடுப்பில் தோட்டா வாரும் முறுக்கிய மீசையுமாக யாராவது நடந்து போனால் அவன் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே பார்ப்பான். அந்தச் சிரிப்புக்கு எல்லோரும் கொஞ்சம் பயப்படுவோம்.

ஆற்றுக்கு அக்கரை ஊருக்கும் எங்களுக்கும் மலைமேல் இருக்கும், விலைபோகிற கொட்டை காய்க்கும் சில்கோசா மரக்காட்டை முன்னிட்டுப் பகை. யார் தொடங்கியது என்று கேட்டால் அவர்கள்தான். அவர்களைக் கேட்டால் நாங்கள். இக்கரையிலிருந்து அக்கரைக்கு யாரும் போவதில்லை, அங்கிருந்து யாரும் வருவதில்லை, இரண்டு பேரைத் தவிர. ஒருவன் சாத்குல். இன்னொருவன் அக்கரை நாவிதன் வலிஜான், சாத்குலின் மருமகன். நாவிதன் மகளை நாவிதனுக்குத்தானே கொடுக்க முடியும்? இக்கரையில் சாத்குலை விட்டால் வேறு நாவிதன் இல்லை.

மகள் பெயர் தோர்பேக்கை. ஒருவனுடைய மகளின் பெயரை இப்படி அச்சில் போடுவது எங்கள் பக்கத்தில் உதை வாங்கத்தக்க குற்றம். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லாததில்தான் இந்தக் கதையே இருக்கிறது, அதனால் போடுகிறேன். நெற்றியில் கருமுடி விழுகிறவள் என்று அர்த்தம். பிறக்கும்போதே புருவம் வரைக்கும் முடியோடு பிறந்தாளாம். தாய் சீக்கிரமே போய்விட்டாள். சாத்குல்தான் குளிப்பாட்டி, தலை சீவி, ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்து வளர்த்தான். கட்டிக்கொடுத்த பிறகும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, கத்திப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குவான். மாலையில் திரும்பும்போது சட்டைப்பையில் அவள் சுட்ட சோள ரொட்டி இருக்கும். வழியில் யார் கேட்டாலும் ஒரு விள்ளல் தருவான், பாதிக்கு மேல் தரமாட்டான்.

அந்த வருடம் அமெரிக்க ராணுவம் எங்களைப் புரிந்துகொள்வது என்று முடிவு செய்தது. அதற்கு முன்பெல்லாம் வந்தார்கள், கதவை உதைத்தார்கள், போனார்கள். கதவை உதைக்கும் முன்பு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நல்லது என்று அவர்களில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதற்காகப் பல்கலைக்கழகத்தில் மனிதக் கூட்டங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களைக் கூட்டி வந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஜூடித் பீபி. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தலைக்கவசத்துக்குக் கீழே நீலத் துப்பட்டா, உடம்பில் குண்டு துளைக்காத சட்டை. தேநீரை வலது கையால் வாங்கினார். இரண்டாவது குவளையை மறுக்கவில்லை. ஆடுகளைப் பற்றி விசாரித்தார், சொன்ன பதிலைக் காதில் வாங்கினார். எங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவரை முட்டாள் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் அப்படி இல்லை.

"துப்பாக்கி வச்சிருக்கறவங்களுக்கு யாரைச் சுடக் கூடாதுன்னு தெரியணும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்" என்றார். மொழிபெயர்த்தவன் சொஹ்ராப். காபூல்காரன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் சோள ரொட்டியைக் குண்டு பார்ப்பதுபோலப் பார்ப்பான்.

ஹாஜி லால்மிர் வீட்டு முற்றத்தில் முதல் கேள்வி. எங்கள் ஊரில் எல்லோரையும்விட மூத்தவர், ஜிர்காவில் கடைசியாகப் பேசுகிறவர் ஹாஜி.

"உங்க ஊர்ல ஒரு சிக்கல்னா முதல்ல யார்கிட்ட போவீங்க, ஹாஜி சாயிப்?"

ஹாஜி தாடியைத் தடவினார். "சிக்கல் தாடியிலயா, வீட்லயா?"

"வீட்ல."

இங்கே நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது. என்னிடம்தான் வருவார்கள் என்று எந்த மானமுள்ளவனும் சொல்லமாட்டான். இன்னொரு பெரியவரின் பெயரைச் சொல்லலாம். ஆனால் அமெரிக்கர்களிடம் ஒரு பெயரைச் சொல்வது அந்த ஆளின் முதுகில் வெள்ளைச் சுண்ணாம்பால் வட்டம் போடுவது மாதிரி. பகலில் இவர்கள் தேடி வருவார்கள், இருட்டினால் தாடியை வளர்க்கச் சொன்னவர்கள். ஹாஜி சுற்றிலும் பார்த்தார். யாரும் சுட முடியாத ஒரு ஆள் கெட்டிலோடு வந்துகொண்டிருந்தான்.

"சாத்குல்கிட்டதான் போவோம்."

"என்னை ஏன் இழுக்கிறீங்க, ஹாஜி சாயிப்?"

"பேசாம ஊத்துடா. பெரிய மனுஷனாயிட்டே."

அடுத்த வீட்டுக்காரர் பக்தவர். தாடிக்குள்ளேயே சிரிக்கும் ஆள்.

"ஊருக்குள்ள சேதி யார் கொண்டுவருவாங்க?"

"சாத்குல்."

"கல்யாணம் பேசினா முதல்ல யாருக்குச் சொல்வீங்க?"

"சாத்குலுக்கு. அவன் வரலைன்னா பொண்ணு இருக்கும், மாப்பிள்ளை இருப்பான், சோறு இருக்காது."

"அக்கரை ஊருக்கு ஏதாவது சொல்லணும்னா?"

"அவன்தான். எங்கள்ல வேற யார் போனாலும் திரும்பி வர்றதுக்கு நாலு பேர் தூக்கணும்."

வீடு வீடாகக் கேட்டார்கள். வீடு வீடாகச் சிரித்துக்கொண்டே சாத்குல் என்றோம். யோசித்துப் பார்த்தால் நாங்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கடைசியில் அவனையே கேட்டார்கள்.

"உங்க குடும்பத்துல யார் யார்?"

"நான் ஒரு ஆள்தான். வீட்ல இறந்துட்டாங்க."

"பிள்ளைங்க?"

சாத்குல் ஜூடித் பீபியைப் பார்த்தான். பிறகு சொஹ்ராபை, அவனுக்குப் பின்னால் நின்ற சிப்பாய்களை. "பையன் இல்ல" என்றான்.

அந்நிய ஆண்கள் முன்னால் ஒருவன் தன் மகளைப் பற்றிப் பேசுவதில்லை. கூட நின்ற நாங்களும் தரையைப் பார்த்தோம். சரியான பதில் சொன்னான் என்று எங்களுக்கு அவன்மேல் மரியாதைகூட வந்தது. ஜூடித் பீபி எங்கள் வீட்டுப் பெண்களிடமும் போய்ப் பேசினார்தான். அவர்கள் பிரசவ வலி, பல் வலி, மாமியார் என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். நாவிதன் மகளைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் கேப்டன் ஒரு படத்தோடு வந்தார். மரத்தடியில் கம்பளத்தின்மேல் விரித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன வட்டம். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் நடுவில் இருந்த ஒரு பெரிய வட்டத்தில் போய் முடிந்தன, சிலந்தி வலைபோல. அந்த வட்டத்துக்குள் சாத்குல். ஓரத்தில் நீலத்தில் ஆறு ஓடியது. அதைத் தாண்டி ஒரு கோடும் போகவில்லை.

கேப்டன் எழுந்து நின்று சாத்குலின் கையைப் பிடித்தார். தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஆறு ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் வயலைத் தின்கிறது என்று தெரியும், சாத்குல் சாயிப் சம்மதித்தால் கரையில் கல் சுவர் கட்டித் தருவோம் என்றார். ஹாஜி லால்மிரின் வயல்தான் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஹாஜி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

இதுவரை அவன் என்று எழுதிவிட்டேன். ஜிர்காவில் உட்கார்ந்தவரை அப்படி எழுதுவது அழகில்லை. சாத்குலுக்கு உட்காரத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் அந்த வட்டத்தைச் சுற்றி நடந்தவர். காலை மடக்கினார், நீட்டினார், கெட்டிலைக் கீழே வைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். "மலிக் சாயிப், தேநீரை நீங்களே குடிச்சிடாதீங்க" என்றார் பக்தவர், ஊர்த்தலைவரைக் கூப்பிடுவதுபோல. நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். முகம் சிவந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் தாடியையே திருத்திக்கொண்டார் என்றும், வெள்ளிக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார் என்றும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பாதி ஆற்றில் நிறுத்தப்பட்டார். அக்கரைத் துறையைக் காவல் காப்பவன் ஸமரை. பாறைமேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான்.

"மாமா, அங்கயே நில்லுங்க."

"என்னடா, தண்ணி ஐஸா இருக்கு. சீக்கிரம் சொல்லு."

"நீங்க வரக் கூடாது."

"போன வாரம் வந்தேனேடா."

"போன வாரம் வந்தது நாவிதன். இப்ப நிக்கிறது உங்க ஊர் ஜிர்காக்காரர். உங்களை விட்டா எங்க பெரியவங்க கேப்பாங்க. சுட்டா உங்க பெரியவங்க கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் சொல்ல என்கிட்ட பதில் இல்ல, மாமா."

"உனக்குச் சுன்னத்து பண்ணினவன்டா நான்."

"அதுக்குத்தான் இன்னும் வாயால பேசிக்கிட்டிருக்கேன்."

சாத்குல் தண்ணீரிலேயே நின்றார். "சரி, வலிஜானை வரச் சொல்லு."

"அவனும் வர முடியாது. அவன் இப்ப ஜிர்காக்காரரோட மருமகன். அவன் உங்க கரைக்கு வந்தா, அமெரிக்காக்காரன்கிட்ட எங்க ஊர்ச் சேதி சொல்லப் போறான்னு பேச்சு வரும். போனா திரும்பி வராதேன்னு சொல்லிட்டாங்க."

மரியாதை என்பது ஒட்டுவாரொட்டி. மாமனாருக்கு வந்தது மருமகனையும் விடவில்லை. கைபேசிக் கோபுரமோ எங்கள் மலைக்குப் பின்னால் இன்றுவரை எட்டிப் பார்த்ததில்லை. சாத்குல் மகளைப் பற்றி ஒரு வாலிபனிடம் எப்படிக் கேட்பது என்று தவித்து, கடைசியில், "வீட்ல எப்படி இருக்காங்களாம்?" என்றார்.

ஸமரை ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நல்லா இருக்காங்களாம். மாசம் நெருங்குதாம்."

கத்திப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு நெய்ச் சொம்பையும் வெல்லப் பொட்டலத்தையும் எடுத்து நீட்டினார். அவன் இறங்கி வந்து வாங்கிக்கொண்டான். அவர் கரையேறியபோது பல் தந்தியடித்தது. அது குளிரால் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த ஜிர்காவில் அவர் உட்காரவில்லை. வட்டத்துக்கு நடுவே வந்து நின்றார்.

"என்னை எழுப்பி விட்டுடுங்க" என்றார்.

"நின்னுக்கிட்டுதானே இருக்கீங்க, மலிக் சாயிப்" என்றார் பக்தவர்.

"ஊரறியச் சொல்லுங்க. சாத்குல் நாவிதன், அவனுக்கு இங்க எடம் கிடையாது, அவனுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு. அக்கரைக்கும் கேக்கணும். மேளத்தை வேணும்னா நானே அடிக்கிறேன்."

அவர் உட்கார்ந்தபோது வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் நாங்கள். எழுப்பிவிடுங்கள் என்று கேட்டபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் ஹாஜி லால்மிரைப் பார்த்தோம். ஹாஜி ஆற்றுப் பக்கம் பார்த்தார்.

"சுவரு பாதியில நிக்குது, சாத்குல்."

"ஹாஜி சாயிப், எனக்கு அக்கரைக்குப் போகணும்."

"யார் வேணாங்கறா? சுவரு முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கு நானே உன் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்றேன். இது ஹாஜியோட வாக்கு."

"அதுக்குள்ள மாசம்..."

"பொண்ணுங்க காலங்காலமா பெத்துக்கிட்டுதான் இருக்காங்க" என்றார் பக்தவர். இந்தத் தடவை அவர் மலிக் சாயிப் என்று சேர்க்கவில்லை.

சாத்குல் ஜூடித் பீபியிடமும் போனார். முகாம் வாசலில் சோதனை போட்டு, கத்திப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். ஜூடித் பீபி எழுந்து வரவேற்றார்.

"பீபி, அந்தப் படத்துலேர்ந்து என்னை எடுத்துடுங்க."

"ஏன்? யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல."

"ஊர்ல யாருக்காவது பொறாமையா? சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது ஆகிறதை நான் பார்த்துக்கிட்டிருக்க மாட்டேன்."

அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். அவர் மட்டும் தனியாக இருந்திருந்தால் சாத்குல் சொல்லியிருப்பாரோ என்னவோ. நடுவில் சொஹ்ராப் நின்றான், கதவருகே இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். மகள் என்ற சொல் அத்தனை ஆண்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

"முட்டி வலிக்குது. தரையில உட்கார முடியல" என்றார்.

அடுத்த தடவை வந்தபோது ஜூடித் பீபி அவருக்காக ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வந்தார். அதன்பிறகு எங்கள் ஜிர்காவில் எல்லோரும் கம்பளத்தில் உட்கார்ந்தோம், நாவிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹாஜி லால்மிர் அவரை அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. சுவர் மெதுவாக வளர்ந்தது.

வெள்ளிக்கிழமை என்றில்லாமல் தினமும் அவர் துறைக்குப் போகத் தொடங்கினார். நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போவார். அக்கரை ஊர் ஆற்றிலிருந்து ஒரு மலைத் திருப்பம் உள்ளே இருக்கிறது. மனிதக் குரல் வராது, அவர்கள் பள்ளிவாசலில் ஒலிபெருக்கியும் இல்லை. மேளச் சத்தம் மட்டும் வரும். ஆண் குழந்தை பிறந்தால் மேளம் அடிப்பது எங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொது வழக்கம். வலிஜான் தன் மகனுக்கு அடிக்காமல் இருக்கமாட்டான். பெண் பிறந்தால் அடிப்பதில்லை. சாவுக்கும் அடிப்பதில்லை.

நாட்கள் போயின. அவர் விரல்விட்டு எண்ணிவைத்திருந்த மாசம் வந்தது, கடந்தது. மேளம் கேட்கவில்லை.

"பொண்ணுதான்" என்றோம் நாங்கள். "முபாரக், மாமா. பொண்ணு."

"ஆமா, பொண்ணாத்தான் இருக்கும்" என்றார் அவரும். "அவ அம்மாவுக்கும் முதல்ல பொண்ணுதான்."

பெண் பிறந்ததற்கு யாரும் இனிப்புக் கொடுப்பதில்லை. அவர் கொடுத்தார். வெல்லத்தையும் வறுத்த கொட்டையையும் ஒரு தட்டில் போட்டு, பழைய வழக்கப்படி வீடு வீடாகக் கொண்டு போனார். எல்லோரும் வாங்கினோம். சிலர் கிண்டல் பண்ணினார்கள், அவரும் பதிலுக்குக் கிண்டல் பண்ணினார். ஹாஜி லால்மிர் மட்டும் தட்டைப் பார்த்துவிட்டு, எனக்குச் சர்க்கரை ஒத்துக்காது என்று உள்ளே போய்விட்டார். கோஸ்த் சந்தையில் யாரோ அவர் காதில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள் என்று பிற்பாடு ஒரு பேச்சு உண்டு. எனக்குத் தெரியாது. ஹாஜிக்கு நிஜமாகவே சர்க்கரை வியாதி உண்டு என்பது மட்டும் தெரியும்.

துறையில் காவலுக்கு அந்தச் சமயம் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஸமரை சில்கோசாக் காட்டுக்குப் போயிருந்தான். புது ஆட்களைக் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார்கள், துப்பாக்கியை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே சேதி கொண்டுபோனவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரையும் பெரிய மனிதர்களாக்கி ஆளுக்கொரு கரையில் உட்காரவைத்தாகிவிட்டது. நாவிதர் வீட்டுச் சேதியை நாவிதருக்குக் கொண்டுவர ஆளில்லை.

கடைசியில் ஜூடித் பீபிதான் கொண்டுவந்தார். அக்கரையிலும் வீடு வீடாகக் கேட்டு முடித்துவிட்டு, கவச வண்டியில் பாலம் இருக்கும் இடம்வரை சுற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். களைப்பாக இருந்தார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி. நேராக நாற்காலிக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒரு ஆச்சரியம் சொல்றேன், சாத்குல் சாயிப். அங்கயும் எல்லாக் கோடும் நாவிதர்கிட்டதான் போகுது. வலிஜான்னு பேரு. நீங்க ரெண்டு பேரும் சந்திச்சா இந்தப் பகையையே பேசி முடிச்சிடலாம்னு எனக்குத் தோணுது."

சொஹ்ராப் மொழிபெயர்த்தான்.

"பாவம், அவர் இப்ப எதுக்கும் தயாரா இல்ல" என்றார் ஜூடித் பீபி. "மனைவி பிரசவத்துல இறந்துட்டாங்க. ஒரு பெண் குழந்தை இருக்கு. பால் பவுடர் கிடைக்குமான்னு கேட்டார். இருந்ததைக் கொடுத்துட்டு வந்தேன்."

அதையும் சொஹ்ராப் அதே குரலில் சொல்லி முடித்தான். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். முதல் தடவையாக அவன் கண்ணை அப்போதுதான் பார்த்தோம்.

சாத்குல் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"குழந்தைக்கு முடி இருந்துச்சா, பீபி?"

ஜூடித் பீபி வியப்போடு சிரித்தார். "ஆமா, நிறைய. இங்க வரைக்கும்" என்று தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு சிரிப்பு நின்றது. சாத்குலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சொஹ்ராபைப் பார்த்தார். சொஹ்ராப் அவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அவர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாத்குல் எழுந்து கத்திப் பெட்டியை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். நாங்கள் கொஞ்சம் தள்ளியே பின்னால் போனோம். துக்கம் கேட்கப் போகிறவனை மறிப்பதில்லை, அவன் எவ்வளவு பெரிய எதிரியானாலும். அதுவும் எங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொது வழக்கம். காட்டிலிருந்து திரும்பியிருந்த ஸமரை அவரைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தலைகீழாகத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். கத்திப் பெட்டியை வாங்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். மகள் உயிரோடு இருக்கும்வரை மூடியிருந்த வழி திறந்தது.

அதன்பிறகு நடந்ததைப் பிற்பாடு சாத்குலே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அக்கரைப் பெரியவர்கள் சாத்குலை விருந்தினர் கூடத்தில் தலைமை இடத்தில் உட்காரவைத்தார்களாம். ஊரே வந்து அவர் முன்னால் கையேந்தி, இறந்தவளுக்காக ஃபாத்திஹா ஓதியதாம். ஒரு நாவிதன் மகளுக்கு எங்கள் மலைப்பக்கத்தில் அப்படி யாரும் ஓதியதில்லை. ஜிர்காக்காரருடைய மகள் அல்லவா.

எல்லோரும் போன பிறகு குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள்.

"ஏழாம் நாள் முடி எடுக்கலையா?"

"கத்தியை எடுத்தேன், மாமா. கை வரல. நீங்கதான் எடுக்கணும்னு அவ சொல்லிக்கிட்டே இருந்தா."

சாத்குல் பெட்டியைத் திறந்தார். கத்தியைத் தோலில் தீட்டினார். விரல் நுனியால் தண்ணீர் தொட்டுக் குழந்தையின் நெற்றி முடியை நனைத்தார். இரண்டு ஊரிலும் பிறந்த தலை அத்தனையையும் மழித்த கை. நனைந்த முடியைப் புருவத்தின்மேல் ஒதுக்கிவிட்டு, கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"இது இருக்கட்டும்" என்றார்.

திரும்பும்போது துறையில் ஸமரை, "மாமா, வழி இன்னைக்கு மட்டும்தான்" என்றான். தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார்.

சுவர் முடிந்தது. ஹாஜி லால்மிர் வாக்கு மாறுகிறவர் இல்லை. ஆனால் சுவருக்குப் பிறகு பள்ளிக்கூடம் என்று புதுக் கேப்டன் சொல்லிவிட்டதால், வாக்கைக் கொஞ்சம் ஒத்திவைத்திருக்கிறார். ஜூடித் பீபி ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் தனியாக வந்து சாத்குலின் முன்னால் உட்கார்ந்து, மொழிபெயர்க்க ஆள் இல்லாமல், நெடுநேரம் அழுதுவிட்டுப் போனார். அவருக்கு அடுத்து வந்தவர் இளைஞர், சுறுசுறுப்பானவர். நாவிதர் எதிரி ஊருக்குப் போய் மரியாதையோடு திரும்பினார் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். படத்தில் ஆற்றைத் தாண்டி முதல் தடவையாக ஒரு கோடு போட்டார். தடித்த கோடு. அதைக் கம்பளத்தில் விரித்துக் காட்டியபோது சாத்குல் நாற்காலியிலிருந்து எழுந்து, கெட்டிலை எடுத்து, எல்லோருக்கும் நின்றுகொண்டே தேநீர் ஊற்றினார். உட்காருங்கள் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் துறைக்குப் போவது நிற்கவில்லை. சில வாரம் அக்கரையில் வலிஜான் வந்து நிற்பான். கையில் குழந்தை. ஸமரை பாறையிலிருந்து இறங்கி, துப்பாக்கியைத் திருப்பிவைத்து, மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வலிஜான் குழந்தையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவான். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. காற்றடித்தால் நெற்றியில் கறுப்பாக ஏதோ அசைவது தெரியும்.